காகித டார்கெட் வாங்குவது எப்படி: குறைந்த செலவில் சரியாகப் பயிற்சி செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

துப்பாக்கிச் சுடும் பயிற்சியில் தோட்டாவுக்கும் ரேஞ்ச் (சுடும் தளம்) கட்டணத்துக்கும் போகிற பணத்தோடு ஒப்பிட்டால் டார்கெட் தாளுக்கு ஆகும் செலவு சொற்பம். அதனாலேயே அதைப் பற்றி யாரும் அதிகம் யோசிப்பதில்லை. கடையில் எது மலிவோ அதில் ஒரு கட்டு வாங்கிவிடுவார்கள், அல்லது எது பளபளப்பாக இருக்கிறதோ அதை. இரண்டிலும் காசு வீணாகலாம்.

தாளின் வேலை ஒன்றே ஒன்று: குண்டு எங்கே பட்டது என்று தெளிவாகச் சொல்வது. மெல்லிய தாள் கிழிந்துபோய் ஐந்து துளைகள் சேர்ந்து ஒரே ஓட்டையாகிவிட்டால், அந்த ஐந்து குண்டுகளும் உங்களுக்கு எதையும் கற்றுத்தரவில்லை. தோட்டாவுக்குக் கொடுத்த பணமும் போச்சு. ஆகவே தாள் ஒன்று என்ன விலை என்பதைவிட, படிக்க முடிகிற துளை ஒன்றுக்கு என்ன விலை ஆகிறது என்று கணக்குப் போட வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கணக்கைச் சுற்றித்தான் போகிறது.

முதலில் ரேஞ்சில் கேளுங்கள்

வாங்கும் முன் உங்கள் ரேஞ்சின் விதிகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. சில இடங்களில் அவர்கள் விற்கும் தாளை மட்டுமே அனுமதிப்பார்கள். சில இடங்களில் மனித உருவ டார்கெட்டுக்குத் தடை இருக்கும். டார்கெட் மாட்டும் சட்டத்தின் அளவும் முக்கியம். ஏர் ரைபிள் (காற்றழுத்தத் துப்பாக்கி) ரேஞ்சில், பெல்லட் எனும் சிறு ஈயக் குண்டுகளைப் பிடிக்கும் சிறிய பெட்டியின் முகப்பில் பெரிய தாளை மாட்டினால், ஓரத்தில் பட்ட பெல்லட் பெட்டியின் விளிம்பில் மோதித் திரும்பி வரக்கூடும். தாள் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், சுடும் பகுதி முழுவதும் பின்னால் உள்ள தடுப்புக்குள் அடங்க வேண்டும்.

எதற்காகச் சுடப் போகிறீர்கள்?

எல்லாப் பயிற்சிக்கும் ஒரே டார்கெட் என்று வைத்துக்கொள்பவர்கள்தான் அதிகம் செலவழிக்கிறார்கள். அன்றைக்கு என்ன செய்யப் போகிறோம் என்பதைப் பொறுத்துத் தாள் மாறும்.

ஸ்கோப்பை ஜீரோ செய்ய, அதாவது ஸ்கோப் காட்டும் இடத்திலேயே குண்டு படும்படி திருத்த வேண்டுமா? வளையமே தேவையில்லை, கட்டம் போட்ட தாள் போதும். ஸ்கோப்பைத் திருத்தும் கோண அளவான மில்லிரேடியன் ஒன்று, 100 மீட்டரில் சரியாக 10 சென்டிமீட்டர். எனவே ஒரு சென்டிமீட்டர் கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டம் 0.1 மில்லிரேடியன், அதாவது மில்லிரேடியன் ஸ்கோப்புகளில் வழக்கமாகத் திருகின் ஒரு கிளிக். குண்டு மூன்று கட்டம் தள்ளிப் பட்டிருந்தால் மூன்று கிளிக். உங்கள் ஸ்கோப் மினிட் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) கணக்கில் வேலை செய்வது என்றால், ஒரு மினிட் 100 மீட்டரில் ஏறத்தாழ 2.9 சென்டிமீட்டர், 50 மீட்டரில் 1.45 சென்டிமீட்டர். கட்டத்தின் அளவை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். பள்ளிக் கணக்கு நோட்டில் வரும் கட்டத் தாளைக் கெட்டியான அட்டையில் ஒட்டினாலே இந்த வேலை முடிந்துவிடும். இதற்கென்று தனியாக டார்கெட் வாங்குவது எனக்குத் தேவையற்றதாகவே படுகிறது.

துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா அல்லது பெல்லட் பொருந்துகிறது என்று க்ரூப் போட்டுப் பார்க்க (ஒரே குறியில் பல முறை சுட்டு, துளைகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று பார்க்க), ஒரே தாளில் ஐந்தாறு சின்னக் குறிகள் இருப்பது வசதி. ஒவ்வொரு குறியிலும் ஒவ்வொரு வகை. எல்லாம் ஒரே தாளில் இருப்பதால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

போட்டிக்குத் தயாராகிறவர்களுக்கு மட்டுமே அளவு பிசகாத வளைய டார்கெட் கட்டாயம். அங்கே சமரசம் கூடாது. ட்ரிகர் பயிற்சிக்கு என்றால் வெறும் வெள்ளைத் தாளே போதும். அதைப் பின்னால் பார்க்கலாம்.

அளவு: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்

சர்வதேச துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனமான ஐஎஸ்எஸ்எஃப் ஒவ்வொரு பிரிவுக்கும் டார்கெட் அளவை மில்லிமீட்டரில் வரையறுத்திருக்கிறது. பெரிய போட்டிகளில் இப்போது எலக்ட்ரானிக் டார்கெட் வந்துவிட்டாலும் அளவுகள் அவைதான், கிளப் பயிற்சியில் காகிதமும் போய்விடவில்லை.

10 மீட்டர் ஏர் ரைபிள் டார்கெட்டின் வெளி வளையத்தின் விட்டம் 45.5 மில்லிமீட்டர். கறுப்பு வட்டம் 30.5 மில்லிமீட்டர். நடுவில் இருக்கும் பத்து (பத்து மதிப்பெண் தரும் இடம்) வெறும் 0.5 மில்லிமீட்டர் புள்ளி. பெல்லட்டே 4.5 மில்லிமீட்டர் என்பதால் பத்தில் பட்டால் புள்ளி காணாமல் போய்விடும். ஏர் பிஸ்டலுக்கு அதே 10 மீட்டரில் வெளி வளையம் 155.5, கறுப்பு 59.5, பத்து 11.5 மில்லிமீட்டர். 25 மீட்டர் பிஸ்டலின் துல்லியச் சுற்றுக்கான டார்கெட்டில் வெளி வளையம் 500, கறுப்பு 200, பத்து 50 மில்லிமீட்டர். 50 மீட்டர் ரைபிளில் வெளி வளையம் 154.4, கறுப்பு 112.4, பத்து 10.4 மில்லிமீட்டர்.

இந்த எண்களில் கறுப்பு வட்டத்தின் அளவை மட்டுமாவது நினைவில் வையுங்கள். ஸ்கோப் இல்லாமல் ஓப்பன் சைட்டில் (துப்பாக்கியின் முன்னும் பின்னும் உள்ள குறிபார்க்கும் முனைகளில்) சுடுகிறவருக்குக் கண்ணில் படுவது கறுப்பு வட்டம்தான், வளையக் கோடுகள் அங்கிருந்து தெரியவே தெரியாது. முன் சைட்டுக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதத்துக்குக் கண் பழகுகிறது. மலிவுத் தாளில் கறுப்பு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடக்குறைய இருந்தால், தவறான காட்சிக்குக் கண் பழகிவிடும். கடைக்குப் போகும்போது ஒரு ஸ்கேல் எடுத்துப் போங்கள். ஏர் பிஸ்டல் டார்கெட் என்று விற்கிற தாளில் கறுப்பு ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர் இல்லை என்றால் வாங்க வேண்டாம்.

ஸ்கோப் பயன்படுத்துகிறவரின் நிலை வேறு. ஸ்கோப்பில் உள்ள கறுப்புக் கோடு கறுப்பு வட்டத்தின் மேல் விழுந்தால் கோடும் தெரியாது, நடுவும் தெரியாது. அவர்களுக்கு வெள்ளை நடுப்பகுதி உள்ள குறியோ, ஆரஞ்சு நிறப் புள்ளியோ, கோட்டால் மட்டும் வரைந்த சதுரமோ நல்லது. ரெட் டாட் (ஒளிரும் சிவப்புப் புள்ளியால் குறிபார்க்கும் சைட்) என்றால் புள்ளியே இலக்கை மறைக்கும். இரண்டு மினிட் புள்ளி 25 மீட்டரில் ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தை மூடிக்கொள்ளும், எனவே குறி அதைவிடப் பெரிதாக இருக்கட்டும்.

தாளின் தரம்

வீட்டில் பிரிண்டருக்குப் போடும் தாள் 70 அல்லது 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). அதில் பெல்லட் பட்டால் துளை விழாது, நட்சத்திரம் போலக் கிழியும். டார்கெட்டுக்கு ஏற்றது 150 ஜிஎஸ்எம்முக்கு மேலுள்ள, பூச்சில்லாத, சொரசொரப்பான அட்டை. விரலால் தடவினால் வழுக்கக் கூடாது. விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மினுக்கக் கூடாது. ரேஞ்சில் டார்கெட் மேல் விளக்கு நேராக அடிக்கும்போது பளபளப்பான கறுப்பு சாம்பல் நிறமாகத் தெரியும், அப்போது சைட் எங்கே, வட்டத்தின் விளிம்பு எங்கே என்று கண் தடுமாறும்.

தாளை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. பெல்லட்டின் மூக்கு எப்படி இருக்கிறது என்பது பாதி விஷயம். தட்டையான மூக்குள்ள பெல்லட் பஞ்சிங் மெஷின் போல வட்டமாக வெட்டிக்கொண்டு போகும். உருண்டை மூக்கும் கூர்மூக்கும் தாளின் நாரை விலக்கிக்கொண்டு நுழையும். நுழைந்தபின் நார் மீண்டும் உள்பக்கம் மூடிக்கொள்வதால், துளை பெல்லட்டைவிடச் சிறிதாகத் தெரியும். துளை வளையக் கோட்டைத் தொட்டால் உயர்ந்த மதிப்பெண் என்பது விதி. அப்படியிருக்க, துளை சுருங்கினால் மதிப்பெண்ணும் குறைந்துபோகும். போட்டிகளில் துளைக்குள் ஸ்கோரிங் கேஜ் (மதிப்பெண் அளக்கும் கருவி) வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

தாள் தரமாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் தோட்டாவால் ஒரு தாளில் இடைவெளி விட்டு ஐந்து முறை சுடுங்கள். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். துளையின் ஓரம் சுத்தமாக இருந்து, அதைச் சுற்றி ஈயம் தேய்ந்த சாம்பல் நிற வளையம் தெளிவாகத் தெரிந்தால் தாள் நல்லது. ஓரத்திலிருந்து கிழிசல் கோடுகள் நீண்டால், அல்லது ஒரு பக்கம் மட்டும் நாக்குபோல் தொங்கினால், அந்தத் தாள் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். அதே தாளுக்குப் பின்னால் நெளி அட்டை வைத்து இன்னும் ஐந்து சுட்டுப் பாருங்கள். சில தாள்கள் பின்பலம் இருந்தால் மட்டும் ஒழுங்காக வெட்டுப்படும். அப்படியானால் தாளை மாற்றத் தேவையில்லை, பழைய பார்சல் பெட்டிகளைத் தூக்கிப் போடாமல் இருந்தால் சரி.

விலைக் கணக்கு

இரண்டு தாள்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றின் விலை மற்றதில் பாதி. ஆனால் மலிவுத் தாளில் ஐந்து குண்டுக்கு மேல் நடுப்பகுதி பிய்ந்துவிடுகிறது, கெட்டித் தாளில் பதினைந்து வரை ஒவ்வொரு துளையும் தனியாகத் தெரிகிறது. அப்படியானால் கெட்டித் தாள்தான் துளைக்கு மூன்றில் ஒரு பங்கு குறைவான செலவு. இதைக் கடையில் நின்றே மனக்கணக்காகப் போட்டுவிடலாம்.

அடுத்தது, ஒரு தாளில் எத்தனை குறிகள் என்பது. ஏர் ரைபிளுக்கு இது பெரிய வித்தியாசம் தரும். ஏ4 தாளில் 8 சென்டிமீட்டர் இடைவெளியில் ஆறு வட்டங்கள் வரும், 6 சென்டிமீட்டர் இடைவெளியில் பன்னிரண்டு வரும். போட்டி பாணியில் குறிக்கு ஒரு குண்டு என்று 60 குண்டு சுட்டால் முதல் வகையில் பத்துத் தாள், இரண்டாவதில் ஐந்தே தாள். ஆனால் பன்னிரண்டு வட்டத் தாளில் குறிகள் நெருக்கமாக இருப்பதால் புதிதாகப் பழகுகிறவர் பக்கத்து வட்டத்தில் சுட்டுவிடுவார். அப்புறம் எது எந்தக் குண்டு என்று தேடுவதே வேலையாகிவிடும். ஆரம்பத்தில் ஆறு, கை நின்ற பிறகு பன்னிரண்டு என்பது என் கருத்து.

மொத்தமாக வாங்கினால் விலை குறையும்தான். ஆனால் முதலில் சின்னக் கட்டு ஒன்று வாங்கி மேலே சொன்ன சோதனையைச் செய்துவிட்டு, அதே தயாரிப்பில் மொத்தம் எடுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்தால் அச்சகத்தில் நேரடியாகவே அடித்துக்கொள்ளலாம். ஆஃப்செட்டில் பிளேட் செலவு ஒருமுறைதான், பிரதிகள் கூடக்கூடத் தாளுக்கான செலவு இறங்கிக்கொண்டே போகும். அச்சகத்தில் மினுங்காத மாட் மை, பூச்சில்லாத அட்டை என்று இரண்டையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அழைப்பிதழ் அடிப்பதுபோல் பளபளப்பாக அடித்து வைத்துவிடுவார்கள்.

வீட்டிலேயே பிரிண்ட் எடுப்பது

இது மலிவுதான், இரண்டு மூன்று விஷயங்களைக் கவனித்தால்.

பிரிண்ட் கொடுக்கும்போது பக்கத்துக்கு ஏற்பச் சுருக்கும் வசதியை அணைத்துவிட்டு 100 சதவீதம் என்று வையுங்கள். மூன்று சதவீதம் சுருங்கினாலே 59.5 மில்லிமீட்டர் கறுப்பு 57.7 ஆகிவிடும். முதல் தாள் வந்ததும் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு மீதியை அடியுங்கள். பிரதியிலிருந்து பிரதி என்று ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே போனால் அளவு மெல்ல விலகும், எனவே மூலக் கோப்பிலிருந்தே எடுங்கள்.

பிரிண்டரில் கெட்டித் தாள் போகும் வரம்பு ஒன்று இருக்கும். அது எவ்வளவு என்று கையேட்டில் பார்த்து, அந்த வரம்புக்குள் இருப்பதிலேயே கனமானதை வாங்குங்கள். லேசர் பிரிண்டரின் கறுப்பு கொஞ்சம் மினுங்கும், இங்க்ஜெட்டின் கறுப்பு மினுங்காது, ஆனால் ஈரம் பட்டால் பரவும். உள்ளரங்கத்துக்கு நான் இங்க்ஜெட் பக்கம். மை தீர்கிறது என்று கவலைப்பட்டால், க்ரூப் பயிற்சிக்குக் கறுப்பை நிரப்பாமல் கோட்டு வட்டமாக அடிக்கலாம்.

ஏர் ரைபிளும் ஏர் பிஸ்டலும் ஏ4-இல் அடங்கும். 25 மீட்டர் டார்கெட் அடங்காது, ஆனால் அதன் 200 மில்லிமீட்டர் கறுப்பு அடங்கும், தாளின் அகலம் 210. விளிம்பு வரை அடிக்காத பிரிண்டரில் இரு ஓரமும் லேசாக வெட்டுப்படலாம், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே முழு டார்கெட் ஒன்றை நிரந்தரமாக மாட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். குண்டுகளில் பெரும்பாலானவை எப்படியும் நடுவில்தான் படும். கடைகளிலும் இப்படி மாற்று நடுத் தாள்கள் தனியாக விற்கிறார்கள், முழுத் தாளைவிடச் செலவு நன்றாகக் குறையும்.

தூரம் குறைவாக இருந்தால்

வீட்டில் 10 மீட்டர் இடம் எல்லோருக்கும் கிடைக்காது. பாதுகாப்பான தடுப்போடு 5 மீட்டர் கிடைத்தால் டார்கெட்டைப் பாதியாகச் சுருக்கிப் பழகலாம். இங்கே ஒரு சிக்கல் உண்டு: டார்கெட் சுருங்கும், பெல்லட் சுருங்காது. எல்லா வளையத்தையும் பாதியாக்கினால் மதிப்பெண் நிஜத்தைவிடக் கூடுதலாக வரும்.

கறுப்பு வட்டத்தை மட்டும் நேராகப் பாதியாக்குங்கள். கண் பார்ப்பது அதைத்தான். ஏர் பிஸ்டலுக்கு 59.5 என்பது 29.75 ஆகும். மதிப்பெண் வளையங்களுக்குச் சூத்திரம் வேறு: வளையத்தின் விட்டத்தோடு பெல்லட்டின் 4.5 மில்லிமீட்டரைக் கூட்டி, தூர விகிதத்தால் பெருக்கி, பிறகு 4.5-ஐக் கழிக்க வேண்டும். பத்து வளையம் 11.5. அதோடு 4.5 சேர்த்தால் 16, பாதி 8, அதிலிருந்து 4.5 போனால் 3.5 மில்லிமீட்டர். ஒன்பது வளையம் 27.5 என்பது இதே கணக்கில் 11.5 ஆகிறது. 7 மீட்டரில் என்றால் விகிதம் 0.7, பத்து வளையம் 6.7 மில்லிமீட்டர்.

ஏர் ரைபிளுக்கு 5 மீட்டரில் இதைப் போட்டுப் பார்த்தால் பத்துக்கு மைனஸில் விடை வரும். அதாவது அந்தத் தூரத்தில் ரைபிளுக்கு மதிப்பெண் போடுவதற்கே அர்த்தமில்லை. கறுப்பை 15.25 மில்லிமீட்டராக அடித்துக்கொண்டு, க்ரூப்பின் அளவை மட்டும் குறித்து வாருங்கள்.

துளை தெரிகிறதா?

10 மீட்டரில் வெள்ளைப் பகுதியில் விழுந்த பெல்லட் துளை கண்ணுக்குத் தெரியும், கறுப்பில் விழுந்தால் சிரமம். 25 மீட்டரில் 5.6 மில்லிமீட்டர் தோட்டாவின் துளை வெறும் கண்ணுக்கு எட்டாது. அப்போது பலரும் பட்ட இடத்தில் பளிச்சென்று மஞ்சளோ பச்சையோ தெரியும் ஸ்ப்ளாட்டர் டார்கெட்டுக்குப் போகிறார்கள். மேலே உள்ள கறுப்புப் பூச்சு பட்ட இடத்தில் உதிர்ந்து அடியில் உள்ள நிறம் தெரியும், அவ்வளவுதான் அதன் சூட்சுமம். தூரத்திலிருந்து ஜீரோ செய்ய, ஒவ்வொரு முறையும் நடந்துபோய்ப் பார்க்க முடியாத ரேஞ்சில், இதற்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயம். தினசரிப் பயிற்சிக்கு வேண்டாம். உதிர்கிற பூச்சு துளையைவிடப் பெரிதாக இருப்பதால் நெருக்கமான க்ரூப்பை அதில் அளக்க முடியாது. சாதாரண டார்கெட்டும் ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப்பும் (துளையைத் தூரத்திலிருந்து பார்க்கும் தொலைநோக்கி) இருந்தால் நாளடைவில் அதுவே மலிவு.

ஜாம்பி, காட்டுப்பன்றி, சீட்டுக்கட்டு என்று படம் போட்ட தாள்களும் உண்டு. நண்பர்களோடு ஒரு நாள் ஜாலியாகச் சுட நன்றாக இருக்கும். பயிற்சி என்ற கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம்.

ஒரு தாளை அதிக நாள் ஓட்டுவது

தாளின் பின்பக்கம் இலவசம். சுட்டு முடித்த தாளைத் திருப்பி மாட்டி, குறியே இல்லாத வெள்ளையில் சுடுவது போட்டியாளர்களும் செய்கிற பயிற்சி. பார்ப்பதற்குக் கறுப்பு இல்லாததால் கவனம் முழுக்க முன் சைட்டிலும் ட்ரிகரிலும் நிற்கும். பழைய துளைகளைச் சுற்றிப் பேனாவால் வட்டமிட்டுவிட்டால் புதிய துளைகள் தனியாகத் தெரியும். சுத்தமான வெள்ளை வேண்டும் என்றால் பழைய துளைகளின் மேல் ஒட்டுத் தாள் ஒட்டிக்கொள்ளலாம்.

பெரிய பிஸ்டல் டார்கெட்டுகளில் துளைகளைச் சின்ன ஒட்டுத் துண்டுகளால் மூடி மூடிப் பயன்படுத்தலாம். கறுப்பில் கறுப்பு, வெள்ளையில் வெள்ளை. ஆயத்தமாக விற்கும் துண்டுகளுக்குப் பதில் பேப்பர் மாஸ்கிங் டேப்பைக் கிழித்து ஒட்டினாலும் போதும். செலோஃபேன் டேப் வேண்டாம், மினுங்கும். நடுவில் ஒட்டின் மேல் ஒட்டு என்று மேடு தட்டும்போது அந்தப் பகுதியை மாற்றிவிடுங்கள்.

டார்கெட்டுக்குப் பின்னால் ஒரு சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு வெற்றுத் தாளை வைப்பதும் நல்ல பழக்கம். ஒரே துளையில் இரண்டு குண்டு போனதா, அல்லது ஒன்று வெளியே போனதா என்ற சந்தேகத்தை அது தீர்த்துவிடும்.

தாள்களைப் படுக்கை வாட்டில், ஈரம் படாத இடத்தில் வையுங்கள். ஈரம் ஏறிய அட்டை வளையும், அதில் துளையும் ஒழுங்காக விழாது. வெளிப்புற ரேஞ்சில் நான்கு மூலையிலும் ஸ்டேப்பிள் அடித்தால் காற்றில் தாள் அடித்துக்கொண்டு கிழியாது. டார்கெட் மாற்றப் போகும் முன் எல்லாத் துப்பாக்கிகளும் காலி செய்யப்பட்டு, ரேஞ்ச் அதிகாரி சொன்ன பிறகுதான் சுடும் கோட்டைத் தாண்ட வேண்டும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சுட்ட தாளை என்ன செய்வது?

தூக்கிப் போடுவதற்கு முன் தேதி, தூரம், பெல்லட் அல்லது தோட்டாவின் வகை மூன்றையும் ஓரத்தில் எழுதுங்கள். க்ரூப்பை அளக்க, ஒன்றுக்கொன்று மிகத் தள்ளி இருக்கும் இரண்டு துளைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்து, குண்டின் விட்டத்தைக் கழித்தால் மையத்திலிருந்து மையத்துக்கான தூரம் வந்துவிடும். எல்லாத் தாளையும் சேர்த்து வைக்கத் தேவையில்லை. போனில் படம் எடுத்துக்கொண்டு, பெல்லட் மாற்றியபோது, சைட் திருத்தியபோது சுட்டவற்றை மட்டும் கோப்பில் போடுங்கள்.

சுட்ட தாளிலும் பின் அட்டையிலும் ஈயத் தூள் ஒட்டியிருக்கும். அவற்றைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி மதிப்பெண் போடாதீர்கள், குழந்தைகளுக்குப் படம் வரையக் கொடுக்காதீர்கள். தாளைக் கையாண்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.